பதினெட்டு அங்குல இரும்பு

கதை எழுதுவதற்கென்று பிறந்தவர்கள் பலர் இருக்க, அந்த வரிசையில் நானும் வந்து நிற்பது சற்றும் முறையன்று என்பதை அறிவேன். இலக்கணம் பயின்றிருக்கிறேனே தவிர, கதை சொல்லும் சாமர்த்தியம் எனக்கு வாய்த்ததில்லை. ஆயினும், சாந்தோமில் எங்கள் தெருவில் வாழ்ந்த விக்டர் அவர்களைப் பற்றி வேறு எவரும் எழுதப்போவதில்லை என்று தோன்றியதால் துணிந்துவிட்டேன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும். வேன் வேலையின் நுட்பங்களில் தவறிருந்தால், அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் சற்றுக் கூடுதலாகப் பொறுத்தருள வேண்டும்.

1994ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் அந்த வேன் தெருவுக்குள் வந்தது. தானாக வரவில்லை, ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. சென்னையிலேயே தயாரான பழைய ஸ்டாண்டர்ட் வேன், அறுபத்தொன்பதாம் ஆண்டு மாடல். ஒரு மருந்துக் கம்பெனிக்கும் பிறகு ஒரு கல்யாண சமையல்காரருக்கும் உழைத்துக் களைத்து, அடையாற்றில் ஒரு பங்களாவின் பின்புறத்தில் முருங்கை மரத்தடியில் ஆறு ஆண்டுகள் நின்றிருந்தது. அதன் தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

விக்டருக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. அரசு அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் கண்காணிப்பாளர். கோப்புகளுக்கு எண் இடுவதும், எண் இட்ட கோப்புகளை அடுக்குவதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதுமாக இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதுவரை ஸ்பானரைக் கையில் பிடித்தவரும் அல்லர்.

வேனைப் பக்கவாட்டு முற்றத்தில் தள்ளி நிறுத்த உதவிய கபாலி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இன்னா சார், காயலான் கடை வைக்கப் போறியா?"

"இல்லை கபாலி. இதைச் சரி செய்து ஓட்டப் போகிறேன்."

"யாரு, நீயா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கபாலி பீடி பற்றவைத்துக்கொண்டார். "அப்போ எனக்குக் கொஞ்ச நாளைக்கு பழைய இரும்புக்குப் பஞ்சமில்லன்னு சொல்லு."

இந்தக் கபாலிதான் பன்னிரண்டு ஆண்டுகள் விக்டரின் தங்கை ஈவ்லினைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி மாதாகோயில் பூசைக்கு அழைத்துச் சென்றவர். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிய நாள் முதல் ஈவ்லினுக்குக் கால்கள் இல்லாதது போல்தான். அண்ணனும் தங்கையும் தவிர அவ்வீட்டில் வேறு யாருமில்லை. ஈவ்லின் முன்னறையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கல்லூரி மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை டைப் அடித்துக் கொடுப்பாள். 1993இல் கபாலிக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. ரிக்‌ஷாவின் மேற்கூரையைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, தள்ளிக்கொண்டே பழைய இரும்பு வாங்கும் வண்டியாக மாற்றிக்கொண்டார். ஆட்டோக்காரர்கள் நாற்காலியைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார்கள். அதன் பின் ஞாயிறுதோறும் விக்டரே அவளைத் தூக்கி வாசற்படி இரண்டையும் இறங்கி, நாற்காலியில் வைத்துக் கோயில் வரை தள்ளிச் சென்றார்.

கோயில் ஐந்து நிமிட நடைதான். ஆனால் ஈவ்லினின் ஆசைகள் கோயிலோடு நிற்கவில்லை.

"பதினோரு வருஷமா நீதான் எனக்குப் புடவை எடுக்கற அண்ணா," என்றாள் ஒரு நாள். "எல்லாம் சாம்பல் கலர். நான் உயிரோட இருக்கேன்னு தி. நகர் கடைக்காரனுக்கே தெரியாது."

இந்த வார்த்தைகள்தான் விக்டரை அந்த முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தின.

வெல்டிங் செட் வாடகைக்கு எடுத்தது மீர்சாகிப்பேட்டையில், ஜமீலுன்னிசா அம்மாளின் பட்டறையில். கணவர் காலமான பிறகு அந்த அம்மாளே இரண்டு ஆட்களை வைத்துப் பட்டறையை நடத்தி வந்தார். வந்தவர் பேன்ட்டுக்குள் சட்டையை விட்டு, பையில் இரண்டு பேனா வைத்திருப்பதைக் கண்டு, முதலில் அவரை வரித்துறை ஆள் என்று எண்ணிக்கொண்டாராம்.

"சார், இது ஃபைல் இல்ல, கட்டி வச்சிட்டு அப்பால பாக்கறதுக்கு. ஒரே எடத்துல நின்னா ஓட்டை வுழும். வுட்டுட்டுப் போனா ஒட்டாது," என்று சொல்லிக்கொண்டே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இன்னொண்ணு. கை வைக்கறதுக்கு முன்னாடி சுரண்டு. தாரு, அழுக்கு, பெயின்ட்டு எல்லாத்தையும் சுரண்டு. இரும்பு மூஞ்சியைப் பாத்துட்டுதான் வெட்டணும்."

விக்டர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் நாள் மாலை பற்றவைத்ததும் தெருவில் விளக்கெல்லாம் மங்கின. பக்கத்து வீட்டுத் தங்கம் அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"விக்டர் தம்பி, நீங்க அங்க பொறி பறக்க வுட்டா எங்க வீட்டு டிவில படம் சுருங்கிப் போகுது. நியூஸ் வாசிக்கறவ குள்ளமாயிட்டா."

விக்டர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் முழுவதும் எந்த நேரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இராது என்று யோசித்தார். எங்கள் தெருவில் பெரும்பாலோர் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள். ஞாயிறு காலை ஆறரை மணிப் பூசைக்கு எல்லாரும் போய்விடுவார்கள். ஒரு வீட்டிலும் விளக்கு எரியாது, டிவி ஓடாது. அந்த ஒன்றரை மணி நேரம்தான் மின்சாரம் முழுவதும் அவருக்குக் கிடைக்கும். ஆகவே, அவ்வாண்டு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தொடங்கி, தெரு பூசைக்குப் போகும் வேளையில் விக்டர் கறுப்புக் கண்ணாடி வைத்த முகக் கவசம் மாட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்தார். அவர் போகாததால் ஈவ்லினும் போகவில்லை. பங்குச் சாமியார் மாதம் ஒரு முறை, முதல் வெள்ளியன்று, நற்கருணை அப்பத்தை வீட்டுக்கே கொண்டு வந்து தந்தார்.

அந்த ஆண்டு மழைக்கு முன்பாகத்தான் ஈவ்லின் அதைக் கேட்டது.

"அண்ணா, வாசல்ல இருக்கிற ரெண்டு படிக்கும் சரிவா ஒரு பலகை போட்டுடேன். நானே தள்ளிக்கிட்டுப் போயிடுவேன்."

"வேன் வரட்டும் ஈவா. அதிலேயே பலகை மடக்கி வைக்கிறேன். இறக்கினால் வாசற்கால் வரைக்கும் நீளும். ரெண்டு வேலை எதற்கு?"

அவள் டைப்ரைட்டரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விக்டரின் வேலை முறையைச் சொல்லியாக வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. துருப்பிடித்த ஒரு பகுதியை வெட்டும் முன், பழைய பங்குக் காலண்டர்களின் அட்டையை அதன்மேல் வைத்து அச்சு எடுப்பார். ஓரம், வளைவு, ஒவ்வொரு துளை, துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் எல்லாம் அட்டையில் ஏறும். அட்டைக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் குறிப்பேட்டிலும் இருக்கும். பிறகு வெட்டுவார். அட்டையைப் பார்த்துப் புதுத் தகட்டில் அதே உருவத்தைச் செய்து பற்றவைப்பார். வெட்டிய பழைய துண்டுகள் முற்றத்தில் சேர்ந்தால் அவருக்குப் பொறுக்காது; மாதம் ஒரு முறை கபாலியை அழைத்து எடுத்துப் போகச் செய்வார். கடற்காற்றின் உப்பு அந்த வேனை எவ்வளவு தின்றிருந்ததோ, அவ்வளவையும் எண்பத்தேழு அட்டைகள் கொண்டு அவர் மீட்டெடுத்தார்.

நடுத் தரையை ஆறு அங்குலம் கீழிறக்கினார். பின் கதவை அகலமாக்கினார். சக்கரங்களைப் பிடித்து நிறுத்தக் கொக்கிகள் வைத்தார். ஒரு நாள் அளவு நாடாவோடு ஈவ்லினின் எதிரில் மண்டியிட்டு, தரையிலிருந்து அவள் கண்ணுக்கு எத்தனை உயரம் என்று அளந்தார். நாற்பத்தாறு அங்குலம்.

"எதுக்கு இது?"

"ஜன்னல் வைக்க."

"அளவெல்லாம் சரி. பேசறதுக்குத்தான் உனக்கு நேரமில்லை," என்றாள் ஈவ்லின். விக்டர் நாற்பத்தாறு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

1995 கிறிஸ்துமஸுக்குத் திருச்சியிலிருந்து மூத்த சகோதரி மர்சலினிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே தரையோடு தரையான வீடு. வாசலில் படி கிடையாது. தெரு முனையில் கோயில். ஈவ்லினை மே மாதம் வந்து அழைத்துப் போகிறேன், இனி அவள் எங்களோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள். விக்டர் கடிதத்தை இரு முறை படித்துவிட்டு, மடித்து, தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"ஈஸ்டருக்குள்ள உன் வண்டி என்னை ஏத்திக்கிட்டு ரோட்டுக்குப் போச்சுன்னா நான் இங்கயே இருக்கேன்," என்றாள் அவள். "இல்லன்னா அக்கா வீட்டுக்குப் போறேன். ரெண்டு வருஷமா சுத்தியல் சத்தத்தோடதான் குடித்தனம் பண்றேன் அண்ணா. சத்தம்கூட நல்லாத்தான் இருக்கு. ஆனா அது பதில் சொல்ல மாட்டேங்குது."

அதன்பின் விக்டர் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தார். அதுவரை எடுத்ததே இல்லை. மார்ச் மாதத்தில் வேன் தன் சக்தியில் நகர்ந்தது. பால் வண்ணப் பெயின்ட் அடிக்கப்பட்டது. அடிப்பகுதி முழுவதும் துருவைத் தடுக்கும் செம்மண் நிற ரெட் ஆக்சைடு. பதிவு காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் புதுப்பித்தால்தான் அது சாலைக்கு வரலாம். மார்ச் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, அவர் அதைத் தாமே ஓட்டிக்கொண்டு போனார். 

ஆய்வாளர் பொறுமையான மனிதர். படுத்து, தட்டி, விளக்கடித்துப் பார்த்தார்.

"யார் சார் வேலை பண்ணது?"

"நான்தான் சார்."

"பட்டறைக்காரன்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ண மாட்டான்." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார். "சேஸிஸ் நம்பர் பிரின்ட் எடுத்துட்டா முடிஞ்சது. எந்தப் பக்கம் அடிச்சிருக்கு?"

வண்டியின் அடிச்சட்டத்தில் தொழிற்சாலையில் அடித்த எண் ஒன்று இருக்கும். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் காகிதத்தில் எழும். அது பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எண் இல்லாத வண்டி, சட்டத்தின் கண்ணில் யாருடைய வண்டியும் இல்லை. ஆய்வாளர் வலப்பக்கச் சட்டத்தில், முன் சக்கரத்துக்குப் பின்னால், விரலை ஓட்டினார். வழவழப்பாக இருந்தது.

விக்டருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அந்த இடம் முப்பத்து நான்காம் அட்டை. பதினெட்டு அங்குலம். உட்பக்கம் துரு தின்றிருந்ததால் உட்பக்கத்திலிருந்தே அச்சு எடுத்தார். நான்கு போல்ட் துளைகளையும் பிசகாமல் எடுத்தார். வெளிப்பக்கம் இருபத்தைந்து ஆண்டுத் தார் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. எப்படியும் தூக்கிப் போடப்போகும் இரும்பை எதற்குச் சுரண்ட வேண்டும் என்று விட்டுவிட்டார். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு எண் இட்ட கை, வேனின் ஒரே எண்ணைத் தாரோடு அறுத்து எறிந்திருந்தது.

"பெயின்ட் மேல ஏறியிருக்கும்," என்றார் ஆய்வாளர்.

"ஆமாம் சார்," என்றார் விக்டர். "பெயின்ட்தான்."

"சுரண்டிட்டு அடுத்த செவ்வாய் வாங்க. உடனே முடிச்சுடலாம்."

அன்று மாலையே கபாலியைத் தேடிப் போனார்.

"வலப்பக்கத்துச் சட்டம், கபாலி. ஒன்றரை அடி நீளம். ஒரு பக்கம் தார் பூசியிருக்கும்."

"எப்போ குட்த்த?"

"போன தீபாவளிக்கு முந்தி."

கபாலி பீடியை அணைத்தார். "சார், அது புதுப்பேட்டை போயி, அங்கேர்ந்து லாரி ஏறி, உருகி, இந்நேரம் கம்பியாயி எவன் வூட்டு சீலிங்லயோ கீது. அத்த எங்கன்னு தேடுவ?"

ஆயினும் மறுநாள் இருவரும் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனார்கள். மலைபோல் குவிந்திருந்த துண்டுகளில் பகல் முழுவதும் புரட்டினார்கள். கபாலி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் விக்டர் புரட்டிக்கொண்டிருந்தார்.

வெல்டிங் செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஜமீலுன்னிசா அம்மாளிடம் சொன்னார். 

"இரும்பு மூஞ்சியைப் பாருன்னு சொன்னேனே சார்."

"எழுதிக்கூட வைத்தேன்மா."

"எழுதினா ஆச்சா?" என்றவர் உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். எஃகில் செய்த எண்களும் எழுத்துகளும். சுத்தியலால் அடித்தால் இரும்பில் பதியும். "நான் எதுவும் குடுக்கல. நீ எதுவும் வாங்கல. இன்னா புரிஞ்சிச்சா? ஆனா ஒண்ணு. போயி உள்ளதைச் சொல்றதுன்னா அதுவும் நல்லதுதான். ஒன் மூஞ்சிக்கு அதுதான் பொருந்தும்."

மார்ச் முப்பத்தொன்று குருத்து ஞாயிறு, ஈஸ்டருக்கு ஒரு வாரம். தெரு காலியாயிற்று. ஈவ்லின் உள்ளே விழித்துத்தான் இருந்தாள். டைப்ரைட்டர் சத்தம் கேட்கவில்லை. விக்டர் ரெட் ஆக்சைடைச் சுரண்டி இரும்பை வெளுக்க வைத்தார். பதிவுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தார். ஸ்கேல் வைத்து மேலும் கீழும் இரண்டு கோடுகள் கீறினார். எட்டுக் குறிகள், நான்கு அங்குலம், ஒன்றுக்கொன்று அரை அங்குலம். முதல் அடிக்கு முன் வெகுநேரம் சுத்தியலைக் கையில் வைத்திருந்தார். பிறகு எட்டையும் அடித்து முடித்தார். காகிதம் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அச்சகத்தில் அச்சிட்டது போல வந்தது. அதன்மேல் எண்ணெயும் மண்ணும் குழைத்துப் பூசினார். அவர் வாழ்வில் செய்த முதல் பொய் ஆவணம் அது. அதையும் அழகாகவே செய்திருந்தார்.

பூசை முடிந்து திரும்பிய தங்கம் அம்மாள் மதில் வழியாக இரண்டு குருத்தோலைச் சிலுவைகளை நீட்டினார்.

"உங்களுக்கும் ஈவ்லினுக்கும் தம்பி. ரெண்டு வருஷமா உங்க பெஞ்சு காலியாவே கிடக்கு."

விக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அப்படியும் ஓலையில் கறை ஒட்டிக்கொண்டது.

செவ்வாயன்று ஆய்வாளர் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதவியாளரை டீ வாங்கிவர அனுப்பினார்.

"சாருக்கு எந்த ஆபீஸ்?"

"ஆவணப் பிரிவு சார்."

"நினைச்சேன்." காகிதத்தை மேசையில் வைத்தார். "இருபது வருஷமா பிரின்ட் எடுக்கறேன். ஃபாக்டரில கையால அடிப்பாங்க. ஒரு நம்பர் மேல ஏறும், ஒண்ணு கீழ இறங்கும், ஒண்ணு சாஞ்சு படுத்துக்கும். இப்படி ஸ்கேல் வெச்சு யாரும் அடிச்சதில்ல."

ஆய்வாளர் காகிதத்தை விரலால் தட்டினார்.

"போன செவ்வாயே, 'சார், தெரியாம வெட்டிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மறுபடி அடிக்கறதுக்கு அனுமதி கேட்டு நானே எழுதியிருப்பேன். பத்து நாள்கூட ஆகாது. இப்ப நான் எழுதினா போலி நம்பர்னுதான் எழுதணும்." காகிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. திரும்ப ரோட்டுக்குக் கொண்டு வராதீங்க. நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன்."

"மிக்க நன்றி சார்," என்றார் விக்டர். அதைத்தான் சொல்லத் தோன்றியது.

வீட்டில் ஈவ்லினிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டாள்.

"இதெல்லாம் யாருக்காக அண்ணா?"

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா ரெண்டு படிக்குப் பலகை போட்டிருப்பே." அவள் குரலில் கோபம் இல்லை. "பலகை போட்டிருந்தா நானே போயிருப்பேன். நீ கூட வர வேண்டியிருந்திருக்காது. அதை நீ யோசிச்சிருக்கியோ என்னமோ."

விக்டர் அதை யோசித்ததில்லை. அன்று மாலை யோசித்தார். மறுநாளும் யோசித்தார். அவள் சொன்னது தவறு என்று நிறுவ எந்த அட்டையும், எந்தக் குறிப்பேடும் அவரிடம் இல்லை.

ஈஸ்டர் அன்று காலை ஈவ்லினே கேட்டாள். "ஒரு தடவை உட்கார்ந்து பாக்கறேன்."

வேனின் பின்பக்கத்தை வாசலுக்கு நேராக நிறுத்தி, விக்டர் பலகையை இறக்கினார். சங்கிலி சத்தமின்றி ஓடியது. பலகை இரண்டு படிகளையும் தாண்டி, வாசற்காலில் வந்து மெல்ல அமர்ந்தது. ஈவ்லின் தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். கொக்கிகள் பிடித்துக்கொண்டன. ஜன்னல் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. வெளியே தங்கம் வீட்டு மதிலும், அதன்மேல் காயும் ஒரு போர்வையும் தெரிந்தன.

"உயரம் சரியா இருக்கு," என்றாள்.

கோயில் மணி அடித்து ஓயும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மே பதினேழாம் தேதி மர்சலின் வந்தாள். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு டாக்ஸி பேசியிருந்தது. விக்டர் தங்கையைத் தூக்கிப் படிகளை இறங்கினார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாக்களையும் நேராக்கிவிட்டாள்.

இழந்தவற்றைக் கூறி முடித்துக்கொள்கிறேன். எட்டுக் குறிகள் கொண்ட பதினெட்டு அங்குல இரும்பு. நூற்று நான்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை அண்ணனுக்கு; அதே நூற்று நான்கு தங்கைக்கு. எண்பத்தேழு அட்டைகள், இவை அவ்வாண்டு மழையில் ஊறிப்போயின. வேன், அதை ஆகஸ்டில் கபாலி மூன்று நடையாக ஏற்றிச் சென்றார். பலகையைக்கூட விக்டர் கழற்றி வைத்துக்கொள்ளவில்லை. முன்னறையின் டைப்ரைட்டர் சத்தம். பொய் சொல்லாதவர் என்று அவர் தம்மைப் பற்றி நினைத்திருந்தது. ஒரு தங்கை.

வாசற்படிகள் இரண்டும் இருக்கின்றன.